கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க

பட்டம் பெறும் செல்வங்களே, அந்த அங்கிக்குள் எவ்வளவு வியர்க்கும் என்று எனக்குத் தெரியும். சீக்கிரம் முடிக்கிறேன்.

முப்பத்தைந்து வருஷம் மாவட்ட நிர்வாகத்தில் கோப்பு பார்த்தவன் நான். அரசாங்கத் தமிழில் கருணை எங்கே வருகிறது? கருணை மனு, கருணைக்கொலை, கருணை அடிப்படையில் பணி நியமனம். மூன்றிலும் பெரும்பாலும் சாவு பக்கத்திலேயே நிற்கிறது. உயிரோடு இருப்பவருக்கு மிஞ்சுவது ‘தயவுசெய்து’தான். எங்கள் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பலகை: ‘தயவுசெய்து சோற்றை வீணாக்காதீர், மீறினால் அபராதம்.’ தயவுக்கும் அபராதத்துக்கும் நடுவே ஒரு காற்புள்ளி! இரண்டு முறை கட்டியிருக்கிறேன். சாம்பார் அப்படி.

வள்ளுவர் இந்தக் கருணைக் குணத்தை ஆளுக்குத் தக்கபடி வைத்தார். இல்லறத்தானுக்கு 8-ஆம் அதிகாரம், அன்புடைமை. துறவிக்கு 25-ஆம் அதிகாரம், அருளுடைமை. நாற்காலியில் இருப்பவனுக்குப் பொருட்பாலில் 58-ஆம் அதிகாரம், கண்ணோட்டம். அடுத்ததே ஒற்றாடல். ஒற்றனை அனுப்புமுன் உன் கண்ணால் பார் என்று அந்த வரிசைக்கு நான் பொருள் சொல்லிக்கொள்வேன். தெரிந்தவருக்குச் சலுகை காட்டச் சொல்லவில்லை அவர். கடமை கெடாமல் இரங்கத் தெரிய வேண்டும் என்று நிபந்தனையும் வைத்தார். இன்று கண்ணோட்டம் என்றால் கருத்து, கோணம். எல்லாரிடமும் கண்ணோட்டம் இருக்கிறது, கண்தான் ஓடுவதில்லை.

என் கண்ணும் ஓடவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிது. திங்கள்கிழமை மனு வாங்கும் நாள். முதியோர் உதவித்தொகை கேட்டு ஒரு பாட்டி மூன்று வாரம் வந்தார். மூன்று முறையும், ‘மகன் உள்ளார், தகுதியில்லை’ என்று எழுதினேன். எழுத்து அழகாகவே இருந்தது. நான்காம் வாரம் பக்கத்தில் நின்ற டபேதார் குனிந்து, “ஐயா, ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கய்யா” என்றார்.

நிமிர்ந்தேன். பாட்டியின் முந்தானையைப் பிடித்தபடி நாற்பது வயது மனிதர் ஒருவர் நின்றார். ஐந்து வயதுக் குழந்தையின் சிரிப்பு. நான் எழுதிய ‘மகன்’ அவர்தான். மூன்று வாரமும் அங்கேயே நின்றிருக்கிறார். விதியை மீற வேண்டிய அவசியமே வரவில்லை. அந்த மகனுக்கே தனியாக உதவித்தொகை தர விதியில் இடமிருந்தது. அதைப் புரட்டிப் பார்க்க எனக்கு ஒரு முகம் தேவைப்பட்டது.

இதெல்லாம் பெரிய படிப்பு இல்லை. நம் வீட்டுப் பேச்சிலேயே இருக்கிறது. ஊருக்குக் கிளம்பும் பிள்ளையிடம் அம்மா ‘பார்த்துப் போ’ என்கிறாள். நோயாளியை ‘பார்த்துக்கோ’ என்கிறோம். மனம் புண்பட்டால் ‘கண்டுக்கவே இல்லை’ என்கிறோம். இதே சொல்லை, ‘ஏதாச்சும் பார்த்துக் கொடுங்க’ என்று லஞ்சத்துக்கும் இழுத்துவிட்டார்கள். அதை மீட்பது உங்கள் பொறுப்பு.

நாளைக்கு மருத்துவமனையிலோ வங்கியிலோ உங்கள் மேசைக்கு எதிரே ஒருவர் வந்து, “கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க” என்பார். சில நேரம் செய்ய முடியாமல் போகும். விதி இடம் தராது. முடியாது என்பதையும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவர் கேட்டதில் பாதி அதுதான்.