தோட்டத்துக்கு ஒரு லயம் நிற்கட்டும்



தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளாகிய லயங்களை அடியோடு பெயர்த்தெறிய வேண்டும் என்று எனக்கு முன் பேசியவர் கர்ஜித்தார். நீங்கள் கரகோஷம் செய்தீர்கள், நானும் செய்தேன். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவிலே, தாய் தகப்பனுக்கும் மணமான மகனுக்கும் இடையே ஒரு சாக்குப் படுதாவைத் தொங்கவிட்டுக் குடித்தனம் நடத்திய அவலத்தை, இன்னும் ஒரு தலைமுறைக்கு நீடிக்கச் சொல்ல எவனுக்கு மனம் வரும்? ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வீடும் காணி உறுதியும் வந்தே தீரவேண்டும், அது முதற்காரியம். அதன் பின்னர், தோட்டத்துக்கு ஒரு லயத்தையேனும் இடிக்காமல் நிறுத்திவைக்க வேண்டும் என்பதே என் வாதம்.

“அவமானச் சின்னத்தை எதற்கய்யா காப்பாற்றுவது?” என்கிறார்கள். யாருக்கு அவமானம்? அதிலே வாழ்ந்தவனுக்கா, வாழ வைத்தவனுக்கா? துரைமார் பங்களாக்கள் பல, புல்தரையும் பூஞ்செடியுமாக, உல்லாச விடுதிகளாகிச் சிரஞ்சீவித்துவம் பெற்றுவிட்டன. கந்தப்பளையிலே ஒரு தேயிலைத் தொழிற்சாலை 1996-இல் ஹோட்டலாயிற்று. கண்டி ஹந்தானையிலே 1925-இல் எழுந்த தொழிற்சாலை 2001-இல் தேயிலை அருங்காட்சியகமாகி, கொழுந்தை அரைத்த பழைய இயந்திரங்களுக்குப் பத்திரமான இடம் கிடைத்தது. மெத்தச் சந்தோஷம்! கொழுந்தைக் கிள்ளியவள் இரவிலே எங்கே தலைசாய்த்தாள் என்று காட்ட, கம்பளைப் பக்கம் ஒரு பழைய லயத்திலே தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அதை அமைத்தது அரசாங்கமுமன்று, கம்பெனிகளுமல்ல.

1948-இல் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, காட்டை அழித்துத் தேயிலை நட்ட ஜனங்களின் பிள்ளைகளிடமே, இந்நாட்டாருக்குரிய பத்திரம் எங்கே என்று கேட்டார்கள். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியாரும் கையெழுத்திட்டு, 525,000 பேரை அக்கரைக்கும் 300,000 பேரை இக்கரைக்கும் பங்கிட்டு, 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மீதி வைத்தார்கள். பத்திரமில்லாத அந்த ஜனத்துக்கு, தலைமுறை தலைமுறையாக அடுப்பெரிந்து கறுத்த லயத்துச் சுவரைவிட மேலான சாசனம் வேறேது?

ஆகையால் அதற்கு வெள்ளையடிக்கக் கூடாது. வாசலிலே குரோட்டன் நட்டு, வருகிற பிரயாணிக்குத் தேநீர் விற்கும் உபசாரமும் வேண்டாம். ஒழுகும் தகரக் கூரை, இஸ்தோப்புத் திண்ணையிலே தேய்ந்த அம்மி, விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்குக்கு எழுப்பிய தப்பு மேளம், குடத்தோடு பெண்கள் வரிசை நின்ற தண்ணீர்ப் பீலி, எல்லாம் கிடந்தபடியே கிடக்கட்டும்.

இனி எழுதப்படும் ஒவ்வொரு வீட்டுத்திட்ட ஒப்பந்தத்திலும், தோட்டத்துக்கு ஒரு லயத்தை நிறுத்திவைப்பதை ஒரு ஷரத்தாகச் சேர்க்க வேண்டுமென்று பிரேரிக்கிறேன். எந்த லயம் நிற்பது என்பதை, அந்த லயத்திலே பிறந்தவர்கள் கூடித் தீர்மானிக்கட்டும். துரையின் கையொப்பம் அதற்குத் தேவையில்லை.