கவுண்டர் என்றால் யார்?

(எலவனாசூர்கோட்டையில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்கு முன்னால் பேசிய தோழர் பஞ்சமி நிலம் பற்றிப் பேசினார். அதற்குப் பிறகு ஒரு பட்டப்பெயரைப் பற்றிப் பேசுவது வெட்டிவேலையாகத் தோன்றலாம். பட்டாவைப் பேச வேண்டிய இடத்தில் பட்டத்தை ஏன்டா பேசுறான்னு கேட்பீங்க. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தப்பட்டதுதான். கடைசியில் நீங்களே சொல்லுங்க.

நான் ஆறாவது படிக்கும்போது நடந்தது. தாத்தாவுக்கு எழுபது வயசு. மல்லாட்டை பிடுங்குற காலம், அவரோட நானும் கொல்லைக்குப் போனேன். நிலத்துக்காரர் வீட்டுப் பையன் வரப்பில் வந்தான். என் வகுப்பில் படிக்கிறவன், எனக்கு அவன் பேர் தெரியும். தாத்தா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கிட்டு, "வாங்க சின்னக் கவுண்டரே" என்றார். அவன் தாத்தாவின் பேரைச் சொல்லி, "தண்ணி எங்கடா வச்சிருக்க?" என்றான். வீட்டுக்கு வந்து கேட்டேன், "அவனுக்குத்தான் பேர் இருக்கே, ஏன் தாத்தா பேரைச் சொல்லிக் கூப்பிடல?" அவர் சிரிச்சார். "அவங்க பேரை நாம சொல்லக் கூடாது, நம்ம பேரை அவங்க விடக் கூடாது. அதாண்டா வழக்கம்" என்றார்.

இந்த ஒரு வரிக்கு மேல் பட்டப்பெயர் பற்றிய கோட்பாடு எதையும் நான் இதுவரை படித்ததில்லை. சரி, யார் இந்தக் கவுண்டர்?

நம்ம ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில், சேலம் போற பக்கம் இருக்கிற டீக்கடையை நினைச்சுக்குங்க. பெஞ்சில் மூணு பேர். ஒருத்தர் உள்ளூர் வன்னியர், ரெண்டு ஏக்கர் கரும்பு வச்சிருக்கார். இன்னொருத்தர் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தவர், மலையாளிப் பழங்குடி. மூணாவது ஆள் திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் வண்டி முதலாளி, போர் போட வந்தவர், கொங்கு வேளாளர். யாராவது "கவுண்டரே" என்று குரல் கொடுத்தால் மூணு பேரும் திரும்புவாங்க! ஆனால் இவர் வீட்டுப் பெண்ணை அவர் வீட்டில் கொடுக்க மாட்டாங்க. ஒருத்தர் குலசாமி இன்னொருத்தருக்குத் தெரியாது. அரசாங்கத்துப் பட்டியலில் ஒருத்தர் மிகவும் பிற்படுத்தப்பட்டவர், ஒருத்தர் பழங்குடி, ஒருத்தர் பிற்படுத்தப்பட்டவர். இது போக வேட்டுவக் கவுண்டர் உண்டு, குறும்பக் கவுண்டர் உண்டு, கன்னடம் பேசுற ஒக்கலிகர் உண்டு.

அப்போ இது ஒரு சாதியின் பெயர் இல்லை. கொங்குக் கல்வெட்டுகளில் காமிண்டன் என்று வருகிறது. கன்னடத்தில் காவுண்ட, கௌட. ஊர்த்தலைவன், ஊர் நிர்வாகம் பார்க்கிறவன் என்பதே பொருள். ஒரு காலத்தில் ஊருக்கு ஒருவர் வகித்த பதவி, பிறகு அவர் குடும்பத்துக்கானது, பிறகு சாதி முழுவதற்கும் ஆனது. பதவி போய்விட்டது, நிலமும் பலருக்குப் போய்விட்டது. பட்டம் மட்டும் நின்றுவிட்டது.

மலைக்கு வருவோம். மலையாளிகள் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்ற கதையை 1909-ல் வெளிவந்த தர்ஸ்டனின் நூல் பதிவு செய்கிறது. சமவெளியிலிருந்து பட்டத்தையும் சுமந்துகொண்டு ஏறியதாக அவர்கள் நம்புகிறார்கள். கல்வராயனில் மூன்று ஜாகீர்கள் இருந்தன: சடையக்கவுண்டன், குரும்பக்கவுண்டன், அரியக்கவுண்டன். ஆண்டவர் பெயரிலும் கவுண்டன், அவருக்கு வரி கட்டி வெட்டிவேலை செய்தவர் பெயரிலும் கவுண்டன்! நாடு விடுதலையடைந்து 29 வருசம் கழித்து, 1976-ல்தான் அரசு அந்த ஜாகீர்களை எடுத்துக்கொண்டது. ஒரே பட்டம் இருந்ததால் சுரண்டல் ஒரு படி அரிசி கூடக் குறைந்ததில்லை. இன்றைக்கும் மலையில் பட்டம் உண்டு, பட்டா இல்லாத குடும்பங்கள் எத்தனையோ உண்டு.

என்னோடு விடுதியில் இருந்த ஒரு மலைப் பையன் கதையைச் சொல்கிறேன். சேர்க்கும்போது வாத்தியார் சாதி என்ன என்று கேட்டிருக்கிறார். அப்பா பெருமையாக "கவுண்டருங்க" என்றிருக்கிறார். அவரும் அப்படியே எழுதிவிட்டார். பன்னிரண்டாவது முடித்துப் பழங்குடிச் சான்றிதழுக்குப் போனால், அலுவலகத்தில் "கவுண்டர்னா எப்படிப்பா எஸ்.டி.?" "இல்லைங்க, மலையாளிங்க." "மலையாளின்னா கேரளாதானே?" இப்படியே ஒரு வருசம் அலைக்கழித்தார்கள். கல்லூரி இடம் போனது. அவன் ரிக் வண்டிக்கு வேலைக்குப் போனான். அவனுடைய முதலாளியும் கவுண்டர்தான்.

இது ஒரு பையனின் விதி மட்டுமல்ல. பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்பதற்குப் பக்கத்தில் சேலம், தென்னார்க்காடு, தருமபுரி என்று மாவட்டங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. பழைய கோவை மாவட்டம் அதில் இல்லை. அதனால் ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் பழங்குடி ஆக முடியாமல் போராடிக்கொண்டே இருக்கிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லி ஆந்திரக் காவல்துறை 20 தமிழ்நாட்டுக் கூலிகளைச் சுட்டுக் கொன்றது. அதில் மலையாளிகள் பலர். ஊர்த்தலைவன் என்று பொருள்படும் பட்டம் அவர்களுக்குக் குண்டுபடாத சட்டையாக இருக்கவில்லை.

அப்படியானால் இந்தப் பட்டத்தால் யாருக்கு என்ன லாபம்? சொத்து இல்லாதவனுக்கும் அது ஒரே ஒரு சொத்தைக் கொடுக்கிறது. தனக்குக் கீழே ஒருத்தன் இருக்கிறான் என்ற உறுதி. எங்க பகுதியில் கவுண்டர் என்பதற்கு உண்மையான பொருள் அகராதியில் இல்லை. சேரிக்காரன் அல்லாதவன் என்பதே அதன் பொருள். மூன்று பட்டியல்களுக்கும் அந்தப் பட்டம் போகும். நாலாவது பட்டியல் ஒன்று இருக்கிறதே, நம்முடையது, அங்கே மட்டும் வராது.

இதன் கோரமான முகத்தை 2015 ஜூனில் பார்த்தோம். ஓமலூர் கோகுல்ராஜ், பொறியியல் படித்த தலித் இளைஞர். உடன் படித்த பெண்ணோடு திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குப் போனார். பிணமாகத் தண்டவாளத்தில் கிடந்தார். 2022-ல் ஆயுள் தண்டனை பெற்ற முதல் எதிரி நடத்திய பேரவையின் பெயரிலேயே கவுண்டர் என்ற சொல் இருந்தது. நம்ம ஊர்க் கோயிலிலும் அர்த்தநாரீசுவரர்தான் இருக்கிறார். ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில் சரிபாதி! அவருக்குத் தேர் இழுக்கிறவர்கள்தான், ஒரு பையனும் பெண்ணும் பக்கத்தில் நின்றால் சாதி கேட்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் பேசணும், இல்லைன்னா நேர்மையில்லை. நம்மாளுங்களும் பட்டம் தேடியிருக்கிறார்கள். 1937-ல் ராஜாஜி அமைச்சரவையில் இருந்த தாழ்த்தப்பட்டோர் தலைவர் வி.ஐ. முனுசாமிப் பிள்ளை, பின்னாளில் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். பெயரில் பிள்ளை இருந்தது. ஆனால் கோயிலுக்குள் நுழைய அந்தப் பிள்ளை போதவில்லை. அவர் அங்கம் வகித்த அரசே 1939-ல் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. 2021-ல் தேவேந்திரகுல வேளாளர் என்ற பெயர் நாடாளுமன்றத்தில் சட்டமானபோது, வேளாளர் என்ற சொல் எங்களுடையது என்று மற்றவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சொல்லுக்குக்கூட வேலி! அதனால்தான் 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் நடத்திய பத்திரிகைக்கு 'பறையன்' என்று பெயர் வைத்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. எந்தச் சொல்லால் அடித்தார்களோ அதையே பிடித்து நிமிர்ந்தார். 1922-ல் எம்.சி. ராஜா போன்றவர்களின் முயற்சியால் அரசுப் பதிவேட்டில் ஆதிதிராவிடர் வந்தது. ஒருவர் இழிசொல்லின் இழிவை மறுத்தார், மற்றவர் சொல்லையே மாற்றினார். ரெண்டு பேரும் அடுத்தவன் பட்டத்தைக் கடன் கேட்கவில்லை.

கடல் கடந்தும் பாருங்கள். 1860 முதல் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தென்னாப்பிரிக்காவில் கவுண்டன், படையாச்சி, பிள்ளை என்று குடும்பப் பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே அது தொலைபேசிப் புத்தகத்தில் அகரவரிசையில் நிற்கும் சொல். அந்தப் பெயரைக் கேட்டு யாரும் துண்டை இறக்குவதில்லை. சேரியிலிருந்து பிரித்து வைத்தால் பட்டம் வெறும் பெயராகிவிடுகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

தமிழ்நாட்டில் நமக்குத்தான் குடும்பப் பெயரே கிடையாதே, 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டோடு பட்டம் ஒழிந்ததே என்பார்கள். அந்தத் தீர்மானம் பெரிய காரியம், மறுக்கவில்லை. பெயருக்குப் பின்னாலிருந்து பட்டம் போயிற்று. ஆனால் வாய்க்குள் இருக்கிறது, கல்யாணப் பத்திரிகையில் இருக்கிறது, பெஞ்சில் கூப்பிடுகிற குரலில் இருக்கிறது. 1992-ல் சின்னக் கவுண்டர், 1994-ல் நாட்டாமை என்று சினிமாக்காரன் பட்டத்துக்குப் பட்டுவேட்டி கட்டிவிட்டான். கொட்டகையில் விசில் அடித்ததில் நம்ம பையன்களும் உண்டு, நானும் உண்டு. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவேட்டிலிருந்து நீக்குவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அக்டோபரில் தெருக்களின் சாதிப் பெயர்களை நீக்க ஆணை வந்தது. நல்லதுதான். பலகையை மாற்றிவிட்டுத் தெருவை அப்படியே விட்டால் என்ன செய்வது என்பதும் நம் கேள்வியாக இருக்கட்டும்.

மாணவர்களிடம் ரெண்டு வேலை கேட்கிறேன். ஒன்று, பள்ளிச் சேர்க்கை நடக்கும்போது போய் உட்காருங்கள். நம்ம குழந்தைகளுக்கும் மலைக் குழந்தைகளுக்கும் பதிவேட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். அந்த ஒரு சொல்லில் பன்னிரண்டு வருசம் கழித்து ஒரு வாழ்க்கை தொங்கும். ரெண்டு, யாரையும் பட்டம் சொல்லிக் கூப்பிடாதீர்கள். மரியாதை வேண்டும் என்றால் அண்ணே, ஐயா, அம்மா இருக்கிறது. நம்ம பெரியவர்களை வாடா போடா என்பவனிடம் சண்டை வேண்டாம், "அவருக்குப் பேர் இருக்கு, வயசும் இருக்கு" என்று சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கள்.

பேருந்து நிலையத்தில் இன்னொரு கவுண்டர் இருக்கிறது, டிக்கெட் கவுண்டர். அங்கே முதலில் வந்தவருக்கு முதல் டிக்கெட், கொடுத்த காசுக்குச் சீட்டு. எனக்குத் தெரிந்து நாம் துண்டை இறக்காமல் நிற்கக்கூடிய ஒரே கவுண்டர் அதுதான். மற்ற இடங்களையும் அப்படி ஆக்குவோம்.

என் தாத்தா அந்தப் பையனை ஒரு முறைகூடப் பேர் சொல்லிக் கூப்பிடாமலே செத்துப்போனார். போன மாதம் அவனைச் சந்தையில் பார்த்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு நிமிசம் முகம் மாறினான். பிறகு, "எப்படா வந்த?" என்று என் பேரைச் சொன்னான். ரெண்டு பேரும் டீ குடித்தோம். பேச்சு அங்கிருந்து தொடங்கும் என்று நினைக்கிறேன்.

ஜெய்பீம்.