சங்கீதம் பிறவியில் வருவதா?

(பழனி மலையில் பண்ணைக்காட்டில் நடந்த கூட்டத்தில் பேசியது)



இவ்வூர்ப் படிப்பகத்தில் ஞாயிறுதோறும் சிறு குழந்தைகளுக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுப்பதென்று தோழர்கள் தீர்மானித்திருக்கிறார்கள். அதைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி நம்மைக் கேட்டுக் கொண்டார்கள். முதலிலேயே ஒன்றை ஒப்புக் கொண்டு விடுகிறோம். நமக்குப் பாட வராது. "பாடத் தெரியாதவனுக்குப் பாட்டைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை?" என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு மனுஷனுக்குப் பாட்டு எப்படி வராமல் போகிறது என்று சொல்ல நம்மைவிட யோக்கியதை உள்ளவர் யார்?

நமக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு விஜயதசமியன்று தகப்பனார் நம்மை ஒரு பாட்டு வாத்தியாரிடம் அழைத்துப் போனார். தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பதினொரு ரூபாய். அவர் கேட்ட முதல் கேள்வி, பிள்ளைக்குக் குரல் எப்படி என்பதல்ல, "நீங்கள் என்ன ஆட்கள்?" என்பதுதான். பதிலைக் கேட்டதும் நமக்குத் திண்ணையில் தனி இடம் கிடைத்தது. நாலு மாதம் ஒரே வரிசையை ஏற்றி இறக்கிப் பாடினோம். தாளம் தப்பினால் முழங்கை எலும்பில் பிரம்பு விழும். ஐந்தாம் மாதம் அவர் தகப்பனாரைக் கூப்பிட்டு, "பையனுக்கு ஞானம் இல்லை, இதற்குப் பூர்வ ஜென்ம வாசனை வேண்டும்" என்று சொல்லி அனுப்பி விட்டார்.

தகப்பனார் நம்பினார். அதுகூடப் பெரிதல்ல. ஜாதகத்தை நம்பாத நாம், பேயை நம்பாத நாம், தலையெழுத்தை மேடை மேடையாய்க் கேலி செய்த நாம், இந்த ஒரு வாசனையை மாத்திரம் முப்பது வருஷம் நம்பிக் கொண்டிருந்தோம்! கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து பாடும்போது உதட்டை மட்டும் அசைப்போம். அந்த வாத்தியார் யோக்கியர், உண்மையென்று நினைத்ததைத்தான் சொன்னார். அவர் நினைத்தது உண்மையா என்பதுதான் இன்றைய விஷயம்.

யோசித்துப் பாருங்கள். இந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு மூன்று வயதிற்குள் தமிழ் வந்து விடுகிறதே, அதற்கு எந்த ஜென்மத்து வாசனை வேண்டியிருந்தது? மேலத்தெருப் பிள்ளைக்கும் வருகிறது. காலனிப் பிள்ளைக்கும் வருகிறது. பளியர் குடியிருப்புப் பிள்ளைக்கும் வருகிறது. வாய் பேச வராத பிள்ளை ஒன்றிரண்டு இருந்தால் காது கேட்கிறதா என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோமே தவிர, "தமிழ் ஞானம் இல்லை" என்று தள்ளி வைக்கிறோமா?

இதே கேள்வியை ஜப்பானில் சுஸுகி (1898–1998) என்ற பிடில் வாத்தியார் கேட்டார். ஜப்பான் பிள்ளைகள் எல்லாம் ஜப்பான் பாஷை பேசுகிறார்களே, இவ்வளவு சிரமமான காரியத்தைச் செய்கிற பிள்ளைக்குப் பிடில் மட்டும் ஏன் வராது என்று யோசித்தார். வீட்டில் பிள்ளை பேச்சைத் தினம் கேட்கிறது. தாய் ஒரே சொல்லைச் சலிக்காமல் திருப்பிச் சொல்கிறாள். தப்பிச் சொன்னால் சிரித்து முத்தம் கொடுக்கிறாளே தவிர, முழங்கையில் அடிப்பதில்லை. சங்கீதத்தையும் அப்படியே கற்பித்தால் என்ன? 1946ல் மலைகள் சூழ்ந்த மட்சுமோட்டோ என்ற ஊரில் ஆரம்பித்தார். மூன்று நாலு வயதுப் பிள்ளைகள் கைக்குத் தக்க சின்னப் பிடில் வைத்துக் கொண்டு வாசித்தார்கள். தாய்மாரும் கூடவே கற்றுக் கொண்டார்கள். யுத்தத்தில் தோற்று நொடிந்து போன தேசத்தில் ஆரம்பித்த அந்த முறை உலகமெல்லாம் போயிற்று.

"ஜப்பானுக்குப் பிடில் இருக்கிறது, நமக்கு என்ன இருக்கிறது?" என்பீர்கள். ஹங்கேரி தேசத்தில் கோடாய் (1882–1967) என்று ஒருவர் இருந்தார். பெயர் நம் கோடைக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஊர்தான் வெகு தூரம். அவர் பிடில்கூட வேண்டாம் என்றார். எந்த ஏழைப் பிள்ளைக்கும் தொண்டை இருக்கிறது, அதிலிருந்து ஆரம்பியுங்கள் என்றார். பெரிய வித்வான்களின் உருப்படிகளைக் கொடுக்காமல், 1905 முதல் கிராமம் கிராமமாகப் போய்க் குடியானவர்கள் பாட்டைச் சேகரித்தார். பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடும்போது பாடுகிற பாட்டையே முதல் பாடமாக வைத்தார். 1950ல் கெச்கெமேட் என்ற ஊரில் தினமும் பாட்டு நடக்கும் ஆரம்பப் பள்ளிக்கூடம் ஏற்பட்டது. பிறகு அந்தத் தேசத்தில் அப்படிப்பட்ட பள்ளிகள் பெருகின.

அவர் முறையில் நமக்கு மிகவும் பிடித்த சங்கதி ஒன்று. இந்தச் சரிவில் காப்பிப் பழம் பறிக்கும் தாயை எதிர்ச் சரிவிலிருந்து பிள்ளை கூப்பிடுகிறது. "அம்... மா!" என்று நீட்டும்போது முதல் ஓசை மேலே நிற்கிறது, அடுத்தது கொஞ்சம் இறங்குகிறது. அல்லவா? யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நம் சங்கீதக் கணக்கில் ஏறக்குறைய அது ப, க. ஹங்கேரிப் பிள்ளைக்குப் பாடம் தொடங்குவதே அந்த இரண்டு சுரத்தில்தான். அது நிலைத்த பிறகு மேலே த, அப்புறம் கீழே ரி, ச. இந்த ஐந்தையும் சேர்த்துப் பாருங்கள். வித்வான்கள் மோகனம் என்று பெயர் வைத்து மேடையில் பாடுகிறார்களே, அந்த ராகத்தின் சுரங்கள் அத்தனையும் வந்து விட்டன! பிள்ளை வாயில் பாதி ஏற்கனவே இருந்ததைக் கொண்டே வந்து விட்டன.

இதோடு கையும் வேலை செய்கிறது. ச என்றால் மூடிய கை, க என்றால் தரைக்குச் சமமாக விரித்த கை, ப என்றால் உள்ளங்கை நம்மைப் பார்க்க நிமிர்ந்த கை. கர்வென் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் 19ம் நூற்றாண்டில் செய்த ஏற்பாடு இது. கோடாய் எடுத்துக் கொண்டார். எழுத்துத் தெரியாத பிள்ளைகூடக் கையைப் பார்த்துப் பாடி விடும். பாதிரியார் செய்ததாயிற்றே என்று நாம் ஏன் தள்ள வேண்டும்? பிரயோஜனமா இல்லையா என்பதுதான் கேள்வி.

நிற்க. நம் நாட்டுச் சரளி வரிசையைக் கேலி செய்கிறோம் என்று நினைக்காதீர்கள். புரந்தரதாசர் 16ம் நூற்றாண்டில் ஏற்படுத்தியதாகச் சொல்லும் அந்த வரிசை, படிப்படியாக யோசித்துக் கட்டிய மனுஷ மூளையின் வேலை. சரஸ்வதி கொடுத்ததல்ல என்பதுதான் அதற்கு மரியாதை. ஆனால் அது மாயாமாளவகௌளை ராகத்தில் இருக்கிறது. அதில் ச பக்கத்திலேயே ரி ஒட்டிக் கொண்டிருக்கும், அடுத்த க எட்டி நிற்கும். ஐந்து வயதுத் தொண்டைக்கு அது முதற்படியா என்பது நம் சந்தேகம். பத்து வயதில் கொடுங்கள், நன்றாகக் கொடுங்கள். அடுத்து வரும் ஆரம்பக் கீதங்களோ பிள்ளைக்கு ஒரு சொல்லும் விளங்காத சமஸ்கிருதத்திலும் கன்னடத்திலும் இருக்கின்றன. பொருள் தெரியாமல் ஒப்பிப்பதற்கு மந்திரம் ஒன்று போதாதா, பாட்டும் வேண்டுமா?

இதை நம் பக்கத்திலேயே ஒருவர் நூறு வருஷத்திற்கு முன்பே கண்டு கொண்டார். ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). தென்காசிப் பக்கம் பிறந்து, திண்டுக்கல்லில்தான் வாத்தியார் பயிற்சி பெற்று, அங்கேயே வாத்தியாராகவும் இருந்தார். பிறகு தஞ்சாவூர் போய் மருந்து விற்றுச் சம்பாதித்த பணத்தையெல்லாம் சங்கீத ஆராய்ச்சியில் கொட்டினார். 1917ல் வந்த அவருடைய 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரிய புஸ்தகத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதற்குப் பத்து வருஷம் முன்பே, கற்றுக் கொள்கிறவர்களுக்காகக் கீதம் முதலான பாடங்களைத் தமிழிலேயே செய்து அச்சுப் போட்டார். அவர் கிறிஸ்தவர், பாட்டெல்லாம் பக்தி. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஜீவானந்தம் எதற்கு, முக்திதான் எதற்கு என்பது நம் அபிப்பிராயம். பாரதிதாசன் 'இளைஞர் இலக்கியம்' என்று பிள்ளைகளுக்காகவே எழுதி வைத்தது எதற்காக? நம் பாட்டிமார் தொட்டிலருகே பாடுவதும், கும்மியில் பெண்கள் பாடுவதும் எங்கே போயின?

தாளத்திலோ நாம் யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை. தகிட என்றால் மூன்று, தகதிமி என்றால் நாலு, இரண்டையும் சேர்த்தால் ஏழு. எண்ணத் தெரியாத பிள்ளையும் சொல்லிலேயே எண்ணி விடும். நாம் போன வாரம் ஒரு தோழர் வீட்டுத் திண்ணையில் இதைப் பரீட்சை செய்தோம். தகிட என்பதற்குப் பதில் "மிளகு", தகதிமி என்பதற்குப் பதில் "மலைப்பழம்". "மிளகு மலைப்பழம், மிளகு மலைப்பழம்" என்று கை தட்டி நடந்து கொண்டே சொல்லச் சொன்னோம். கால் மணி நேரத்தில் ஆறு பிள்ளைகள் ஏழு மாத்திரைக் கணக்கைத் தப்பாமல் போட்டன. நாமும் போட்டோம். நமக்கு முதன்முறையாகத் தாளம் வந்தது. யாரும் அடிக்கவில்லை.

இடது கையால் தட்டுகிற பிள்ளையை மாற்றித் தட்டச் சொல்லி உருட்டாதீர்கள். 1908ல் பழனியில் பிறந்த மிருதங்க வித்வான் சுப்பிரமணிய பிள்ளை இடக்கை வாசிப்பாளர். அதற்காக அவர் பட்ட அலட்சியம் கொஞ்சமல்ல. செம்பை வைத்தியநாத பாகவதர்தான் அவரைத் தம் பக்கத்தில் உட்கார வைத்து ஆதரித்தார். பாகவதர் பார்ப்பனர், செய்தது நல்ல காரியம், அதைச் சொல்லாமல் மறைப்பது யோக்கியமாகாது. பிற்பாடு மிருதங்கம் என்றால் நாடு முழுவதும் சொல்லும் இரண்டு மூன்று பெயர்களில் பழனியும் ஒன்றாயிற்று. "வலது கைதான் சாஸ்திரம்" என்று அவர் கையைக் கட்டியிருந்தால் நஷ்டம் யாருக்கு?

இன்னொன்று. இந்த மலையிலேயே மேலே கொடைக்கானலில், 1901ல் அமெரிக்கப் பாதிரிமார் தங்கள் பிள்ளைகளுக்காக ஏற்படுத்திய பள்ளிக்கூடம் இன்று சர்வதேசப் பள்ளியாக இருக்கிறது. அங்கே சங்கீதம் ஒரு பாடம். நமக்குப் பொறாமை இல்லை. ஆனால் பூர்வ ஜென்ம வாசனை என்பது பணம் கட்ட முடிந்த வீடாகப் பார்த்து ஏரிக்கரையில் மட்டும் வந்து பிறக்கிறதா என்று கேட்கிறோம். நம் சர்க்கார் 2012ல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. பாட்டும் அந்தப் பாடங்களில் ஒன்று. அப்போது மாதம் 5,000 ரூபாய். அதுவும் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். காது திறந்திருக்கிற ஐந்து வயதில் யாரும் இல்லை. 2022ல் 'எண்ணும் எழுத்தும்' வந்தபின் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பாட்டும் ஆட்டமும் வகுப்புக்குள் வந்திருக்கின்றன. நல்லதுதான். ஆனால் அங்கே பாட்டு கணக்குக்கும் எழுத்துக்கும் கூலி வேலை செய்கிறது. பாட்டைப் பாட்டாகச் சொல்லிக் கொடுக்க நாம்தான் ஆள் தேட வேண்டும்.

ஆள் யார்? இதில்தான் சண்டை வந்திருக்கிறது. அதனால்தான் நம்மை இங்கே கூப்பிட்டிருக்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். இந்த ஊரில் தாளம் தெரிந்தவர்களில் முதல்வர் பறை அடிக்கும் பெரியவர். அவரை வாத்தியாராக வைக்கலாம் என்று தோழர்கள் சொன்னதும், "சாவுக்கு அடிக்கிறவனிடம் எங்கள் பிள்ளையா?" என்று சிலர் கேட்டீர்கள். நேற்று நாம் அந்தப் பெரியவரைப் பார்க்கப் போனோம். நம் பிரசங்கத்தையெல்லாம் கேட்டு விட்டு அவர் சொன்னார்: "எங்கப்பன் அடிச்சான், நான் அடிச்சேன் சாமி. எம் பேரன் பத்தாவது படிக்கிறான். அவன் கையில இதக் குடுக்காதீங்க. இது எங்களோட போகட்டும்."

தோழர்களே! நமக்குப் பதில் வரவில்லை. சாவுப் பறையை விட்டொழியுங்கள் என்று எத்தனை மேடையில் நாமே பேசியிருக்கிறோம்! பிறந்த ஜாதிக்காக ஒருவன் பிணத்துக்கு முன்னால் அடிக்க வேண்டும் என்பது அக்கிரமம். அதை விட்டவர்களை நாம் பாராட்டினோம், இன்றும் பாராட்டுகிறோம். இப்போது அதே பறையைத் தூக்கிக் கொண்டு வா என்றால் அவர் என்ன நினைப்பார்?

சற்று நேரம் கழித்துத்தான் சொன்னோம்: "ஐயா, முதலில் நம்மைச் சாமி என்று சொல்லாதீர்கள். உங்கள் பேரன் கையில் கொடுக்கச் சொல்லவில்லை. ஊர்ப் பிள்ளைகள் எல்லோர் கையிலும் கொடுக்கச் சொல்கிறோம்." திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுப் பெண்கள் பறையை மேடையேற்றி ஊர் ஊராக அடித்ததைச் சொன்னோம். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025ல் பத்மஸ்ரீ கிடைத்ததைச் சொன்னோம். பட்டத்தில் நமக்குப் பெரிய மதிப்பில்லை. ஆனால் 'ஆசான்' என்ற சொல்லைக் கேட்டதும் பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

வருகிறேன் என்றார். மூன்று நிபந்தனை போட்டார். அவரைப் 'பா, போ' என்று யாரும் பேசக் கூடாது. மாதச் சம்பளம் கையில் கொடுக்க வேண்டும், நெல்லாகவோ பழைய வேஷ்டியாகவோ அல்ல. மேலத்தெருப் பிள்ளைகளும் வந்து அந்தப் பறையைத் தீயில் காய்ச்சி, தங்கள் கையால் தொட்டு அடிக்க வேண்டும். அவர் பிள்ளைகள் மட்டும் வந்தால் நாளைக்கே நிறுத்தி விடுவாராம். அவர் கேட்டதில் தவறு உண்டா?

முதல் வகுப்பு வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு. பாட்டுக்கு, கும்மி தெரிந்த இரண்டு தாய்மார் வர ஒப்புக் கொண்டிருக்கிறார்கள். நாமும் கடைசி வரிசையில் உட்காருகிறோம். பெயர் எழுதும் நோட்டு மேசைமேல் இருக்கிறது. இதுவரை பதினாலு பெயர் விழுந்திருக்கிறது. அதில் மேலத்தெருவிலிருந்து இரண்டு. மிச்சத்தை நீங்கள்தான் எழுத வேண்டும்.