முறித்தான் என்னும் வினை



வட அமெரிக்காவின் நெப்ராஸ்கா, ஓக்லஹோமா மாநிலங்களில் ஒமாகா, போன்கா என்னும் இரு பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். இருவர்க்கும் மொழி ஒன்றே. அம்மொழியின் வினைச்சொற்களைப் பற்றிச் சிறிது கூற விரும்புகிறோம். வெள்ளி விழாவில் இலக்கணப் பாடமா என்று நகைக்க வேண்டா.

தமிழில் ‘முறித்தான்’ என்கிறோம். கையாலா, காலாலா என்பது அச்சொல்லில் இல்லை. ஒமாகா மொழியில் வினையடிக்கு முன் ஓரசை ஒட்டி நின்று அதனை அறிவித்துவிடும். ‘க’ வந்தால் அடித்து முறித்தான். ‘பி’ வந்தால் அழுத்தி. ‘ப’ வந்தால் தள்ளி. ‘மு’ வந்தால் எய்து அல்லது சுட்டு. காற்றின் வேகத்தால் முறிந்ததற்கும் ‘க’ தான். கை, வாய், கால், கத்தி, தீயின் வெப்பம் ஆகியவற்றுக்கும் தனித்தனி அசைகள் உண்டு. செய்பவரும் செயப்படுபொருளும்கூட வினைக்குள்ளேயே அடங்குவர். ‘நான் உன்னை’ என்னும் இரண்டையும் ‘வி’ என்ற ஓரசை குறிக்கும். ‘உன்னைக் காண்கிறேன்’ என்பது அங்கே ஒரே சொல்.

இத்துணை நுட்பம் வாய்ந்த மொழியைத்தான் பேசலாகாது என்று பாதிரிமார் பள்ளியில் பிரம்பால் அடித்தார்கள். அங்குப் பயின்ற ஒமாகா சிறுவர் பிரான்சிஸ் லா பிளஷ், அந்நாள்களை 1900-இல் நூலாக எழுதினார். பிள்ளைகளின் பெயர்களையும் அங்கே ஆங்கிலப் பெயர்களாக மாற்றினார்களாம். அவரே பின்னர்ச் சட்டம் பயின்று, ஆலிஸ் பிளெட்சர் அம்மையாருடன் சேர்ந்து தம் மக்களைப் பற்றிய பெருநூலை 1911-இல் வெளியிட்டார். உறவு மொழியாகிய ஓசேஜுக்கு அவர் தொகுத்த அகராதி 1932-இல் வெளிவந்தது.

இதைப் படித்தபோது நமக்கு நாணமே உண்டாயிற்று. ஆசிரியப் பணியின் தொடக்கத்தில், நம் தெருப் பிள்ளைகள் வீட்டுப் பேச்சில் விடை சொன்னால், ‘இது என்ன பேச்சு?’ என்று கடிந்து பெஞ்சின்மேல் நிற்க வைத்திருக்கிறோம். அதே தெருவில், அதே பேச்சில் வளர்ந்த நாமே அதைச் செய்தோம். அவர்களுள் ஒரு சிறுவன் அவ்வாண்டு முழுதும் வகுப்பில் வாய் திறக்கவில்லை. அவன் சொன்ன விடை சரியானது.

தேர்வுக்கும் அலுவலுக்கும் ஏட்டுத் தமிழ் வேண்டும். அதில் நாம் விட்டுக்கொடுப்பதில்லை. அதற்காக வீட்டுப் பேச்சை இழிவென்று கருதச் சொல்லிக் கொடுத்தது தவறு.

ஒமாகா மொழியைப் பிறந்தது முதல் பேசி வளர்ந்தோர் இன்று மிகச் சிலரே. நெப்ராஸ்காவில் மேசி என்னும் ஊரில், அம்மக்களின் பள்ளியிலேயே, பிள்ளைகளுக்கு அதனைக் கற்பிக்கிறார்கள். நம் சங்க நூலகத்திலும் ஒரு குறிப்பேடு வைத்துள்ளோம். உங்கள் வீட்டு முதியோர் வழங்கும் உழவுச் சொற்களையும் பறையடிச் சொற்களையும் அவர்கள் சொல்லும் வண்ணமே, திருத்தாமல், அதில் எழுதுங்கள்.