சத்து அன்று, வடிசாறு



டில்லிக்குக் குடிவந்த தமிழர் பஞ்சாபியர் வீட்டில் முதன்முதலாகச் சோலே உண்ணும்போது, வெளிர்நிறக் கொண்டைக்கடலை இத்துணைக் கருமை அடைந்தது எவ்வாறு என்று வியப்பதுண்டு. நாமும் வியந்தோம். அண்டை வீட்டு அம்மையார் சிரித்துக்கொண்டே பாத்திரத்திலிருந்து ஒரு சிறு துணி முடிச்சைக் கரண்டியால் தூக்கிக் காட்டினார். உள்ளே இருந்தது தேயிலை!

இரவெல்லாம் ஊறிய கடலையோடு இரண்டு தேக்கரண்டித் தேயிலையையும், உலர்ந்த நெல்லிக்காய்த் துண்டுகள் சிலவற்றையும் மெல்லிய துணியில் முடிந்து போட்டு வேகவைக்கிறார்கள். கடலை குழைய வேண்டுமென்று சிட்டிகை சோடா உப்பும் இடுகிறார்கள். அதன் காரத்தன்மையால் தேயிலையின் நிறம் மேலும் ஆழ்கிறது. எலுமிச்சம்பழம் பிழிந்தால் தேநீர் வெளுப்பதைக் கண்டிருப்பீர்கள். இஃது அதற்கு நேர் எதிரானது. நிறத்தோடு மெல்லிய துவர்ப்பும் கடலையில் இறங்குகிறது. வாழைப்பூவையும் அத்திப்பிஞ்சையும் விரும்பி உண்ணும் நமக்கு அது அயல் சுவையன்று.

இந்நிறம் பச்சைக் கொழுந்தில் இல்லை. கொழுந்தை வாட்டி உருட்டும்போது இலையின் நுண்ணறைகள் சிதைகின்றன. உள்ளிருக்கும் நொதி, காற்றிலுள்ள பிராணவாயுவின் துணைகொண்டு, கேட்டெச்சின் என்னும் பொருள்களை மாற்றியமைக்கிறது. அவ்வாறு பிறப்பனவற்றுள் தியாஃபிளேவின் செம்மஞ்சள் ஒளியையும் விறுவிறுப்பையும், தியாரூபிஜின் செம்பழுப்பு நிறத்தையும் தருகின்றன.

அம்மையாரின் துணி முடிச்சு செய்யும் வேலையைத்தான் ஆலைகள் பேரளவில் செய்கின்றன. தேயிலையை வெந்நீரில் ஊறவைத்து வடிக்கிறார்கள். ஆவியோடு பறந்துவிடும் மணத்தைத் தனியே பிடித்து வைக்கிறார்கள். காற்றழுத்தத்தைக் குறைத்து, மிகுந்த சூடின்றி நீரை வற்றச் செய்கிறார்கள். பின்பு வெப்பக் காற்றில் தூவிப் பொடியாக்குகிறார்கள். மூணாற்றில் 1960-களிலேயே இத்தகைய தூள் செய்யும் முயற்சி தொடங்கிற்று. அம்மலைகளில் கொழுந்து பறித்த கைகளுள் தமிழர் கைகளே மிகுதி என்பதைப் பிற மாநிலங்களில் வாழும் நாம் நினைவில் வைப்பது நன்று.

பிஸ்கோத்து, ஐஸ்கிரீம், எலுமிச்சைத் தேநீர்த் தூள் ஆகியவற்றில் இவ்வடிசாறு சேர்கிறது. ஆனால் பாற்பண்டங்களில் இதன் துவர்ப்பு அடங்கிவிடும். பாலிலுள்ள புரதம் டானினைப் பற்றிக்கொள்வதே காரணம். குளிர்பானத்திலோ வேறு தொல்லை. தேநீர் ஆறினால் தியாஃபிளேவினும் காஃபீனும் கூடிக் கலங்கலாகும். ஆகவே தெளிந்த பானம் வேண்டுவோர் அக்கலங்கலை முன்னதாகவே நீக்குகின்றனர்.

இவையெல்லாம் நமக்குத் தெரியவந்தது ஒரு சொல்லால். உணவுப் பொட்டலங்களின் மேலுறையை வாசிப்பது எப்படி என்னும் அறிவிப்பு ஒன்று மொழிபெயர்ப்புக்காக எம் மேசைக்கு வந்தது. ஹிந்திக்காரர்கள் புதினாவிலிருந்து எடுப்பதையும் சீந்திலிலிருந்து எடுப்பதையும் ‘ஸத்’ என்பார்கள். அப்பழக்கத்தில் நாமும் ‘தேயிலைச் சத்து’ என்று எழுதிவிட்டோம். செவிக்கும் இனிமையாகவே இருந்தது.

மாலையில் வீட்டில் அத்தாளைப் புரட்டிய எம் தாயார், “சத்து என்று போட்டிருக்கிறதே, குழந்தைக்குப் பாலில் கலந்து கொடுக்கலாமாடா?” என்று வினவினார். எமக்குச் சுருக்கென்றது. உலர்ந்த தேயிலையில் எடைக்கு நூற்றில் சுமார் 2 முதல் 4 பங்கு காஃபீன் உண்டு. வடிக்கும்போது அதுவும் நீரோடு இறங்குகிறது. தனியே நீக்கினாலன்றிப் பொடியிலும் தங்குகிறது. மணத்துக்கும் நிறத்துக்கும் சேர்ப்பதைச் சத்தென்று நம்பி ஒரு தாய் மகவுக்கு ஊட்டினால், பிழை அவளுடையதா, எம்முடையதா?

‘சாரம்’ என்றால் அதிலும் ஊட்டம் ஒலித்தது. ‘சாறு’ என்றால் பச்சிலையைக் கசக்கிப் பிழிந்ததுபோல் ஆயிற்று. சித்த வைத்தியத்தில் கொதிக்கவைத்து வடிப்பதற்குக் ‘குடிநீர்’ என்னும் அழகிய சொல் உண்டு, அது மருந்தாகிவிடும்! இறுதியில் ‘தேயிலை வடிசாறு’ என்று எழுதி, ‘காஃபீன் உடையது’ என்று விளக்கமும் கூட்டினோம்.

சோலேக்கும் ஒரு சொல். தேயிலையின் டானின் கடலையிலுள்ள இரும்பைப் பற்றி, உடலில் சேராமல் தடுக்கக்கூடும். இரத்தசோகை உள்ளவர் வீட்டில் முடிச்சு இல்லாமலே வேகவைக்கலாம். மற்றவர்கள் இலையில் பரிமாறியபின் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டால் அதன் வைட்டமின் ‘ஸி’ இரும்புக்குத் துணை நிற்கும். நிறம் சற்று வெளுத்தால் வெளுக்கட்டும். தேயிலையைத் துணியில் முடியுமுன் ஈரமான மையொற்றுத் தாளில் சிறிது தூவிப் பாருங்கள். உடனே பளிச்சென்று நிறம் பரவினால் அதில் சாயம் ஏற்றியிருக்கக்கூடும். அதைக் கடலையில் போடாதீர்கள்.

திருத்திய தாளை எம் தாயாரிடமே முதலில் காட்டினோம். “இப்போது புரிகிறது, இது டிகாஷன்தானே” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.