சிரிப்பு முடிந்த பின்னும் நிற்கும் கேள்வி



"கார்ட்டூனா? அது பிள்ளைகள் பார்ப்பது." பினாங்கில் எந்த வீட்டில் கேட்டாலும் இதுதான் பதில். ஆனால், பெரியவர்களுக்கென்றே எழுதப்படும் கார்ட்டூன் நகைச்சுவைத் தொடர்களும் உண்டு. அவற்றில் புகழ்பெற்றது, 1989 டிசம்பரில் அமெரிக்காவில் தொடங்கிய 'தி சிம்சன்ஸ்'.

நம்முடைய மெகா தொடர்கள் ஆண்டுக்கணக்கில் ஓடும். அங்கே சீசன் சீசனாக வரும். மே மாதத்தில் ஒன்று முடிந்தால் அடுத்தது செப்டம்பர் வாக்கில்தான். அதுவரை நேயர் மறக்காமல் இருக்க இறுதி அத்தியாயத்தில் ஒரு முடிச்சுப் போடுவார்கள். 1980 மார்ச்சில் 'டாலஸ்' தொடரின் ஜே.ஆர். சுடப்பட்டார். சுட்டது யார் என்று நவம்பரில்தான் சொன்னார்கள். அதையே கேலி செய்து, 1995 மே 21 அன்று சிம்சன்ஸின் ஆறாவது சீசன் முடிந்தது. ஊர்ப் பணக்காரர் பர்ன்ஸ் சுடப்பட்டார். ரகசியம் கசியாமலிருக்கப் பொய் முடிவுகளைக்கூட வரைந்து வைத்தார்கள். விடை செப்டம்பர் 17இல் வந்தது. சுட்டது கைக்குழந்தை மேகி! எல்லோரும் சிரித்தார்கள், முடிச்சு அவிழ்ந்தது.

அடுத்த சீசன் முடியும் தறுவாயில், 1996 மே 5 அன்று வந்த அத்தியாயத்தின் முடிச்சோ இன்னும் அவிழவில்லை. இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

கதை இதுதான். ஊருக்குள் ஒரு கரடி வந்துவிடுகிறது. கரடியை விரட்ட ஒரு வரி போடுகிறார்கள். வரி கட்ட மனமில்லாத மக்கள் கொதிக்கிறார்கள். மேயர் பழியைத் தூக்கி வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்கள் மேல் போடுகிறார். இந்தியாவிலிருந்து படிக்கப்போய் அங்கேயே கடை நடத்தும் அப்பு, குடியுரிமைத் தேர்வுக்கு இரவு பகலாகப் படிக்கிறார். சொல்லிக்கொடுக்க வந்த அமெரிக்கரை விட அவருக்குத்தான் அமெரிக்க வரலாறு அதிகம் தெரிந்திருக்கிறது. அப்பு தேறிவிடுகிறார். ஆனாலும், குடியேறியவர்களை வெளியேற்றும் சட்டம் வாக்கெடுப்பில் வென்றுவிடுகிறது. கலிபோர்னியாவில் 1994இல் நடந்த வாக்கெடுப்பு ஒன்றைக் குத்திக்காட்டிய கதை அது.

அன்பர்களே, இது நமக்கு அந்நியமான கதையா? இந்த மண்ணிலேயே உழைத்து நரைத்தும், சிவப்பு அடையாள அட்டையோடு பதிவு இலாகாவுக்கு நடையாய் நடந்த தோட்டத்துப் பாட்டிகளை நமக்குத் தெரியாதா? மலாய் மொழி அறிவு குடியுரிமைக்கு ஒரு நிபந்தனை. பால் மரம் சீவியே வயதைக் கழித்தவர்கள் அங்கேதான் தடுமாறினார்கள். 60 வயதைக் கடந்த 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்ற அறிவிப்பு 2018 ஜூலையில்தான் வந்தது. சுதந்திரம் பெற்று 60 ஆண்டுகள் கடந்திருந்தன!

இன்னொன்றையும் கவனியுங்கள். அப்புவின் குரல் ஓர் இந்தியரின் குரலல்ல. ஹாங்க் அசாரியா என்ற அமெரிக்க நடிகர் பேசிய குரல் அது. அந்த உச்சரிப்பைச் சொல்லியே பள்ளியில் கேலி செய்யப்பட்ட இந்தியப் பிள்ளைகள் பலர். அவர்களின் மனக்குறையை ஹரி கொண்டபோலு என்ற நகைச்சுவைக் கலைஞர் 2017இல் ஆவணப்படமாக்கினார். 2020 ஜனவரியில், இனி அப்புவுக்குக் குரல் கொடுப்பதில்லை என்று அசாரியா அறிவித்தார். நம் நியாயத்தை அழகாகச் சொன்ன தொடர்தான் நம் நாக்கையும் கேலிப் பொருளாக்கியது. பிறர் எழுதும் கதையில் இரண்டும் சேர்ந்துதான் வரும்.

நம் நாட்டிலும் திறமைக்குப் பஞ்சமில்லை. கார்ட்டூனிஸ்ட் லாட்டின் 'கம்போங் பாய்' தொடர் 1999இல் பிரான்சின் அன்னசி விழாவில் பரிசு பெற்றது. 2007இல் தொடங்கிய 'உப்பின் இப்பின்' தொடரில் ராஜுவும் முத்து அங்கிளும் வருகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால், அந்தப் பாட்டியின் சிவப்பு அட்டையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லி, கடைசியில் நெஞ்சைத் தைக்கும் ஒரு தமிழ்க் கார்ட்டூனை யார் எழுதுவது?

பெற்றோர்களே, படம் வரையும் பிள்ளையை "சோறு போடுமா?" என்று கேட்டு அடக்காதீர்கள். இளைஞர்களே, நம் கதையை நம் குரலில் நீங்கள் சொல்லுங்கள்.