மலை ஏறிய மல்லிகை



எதிரணிப் பேராசிரியர் என்ன சொன்னார்? "நாட்டுப்புறப் பாட்டை ஆளாளுக்கு எடுத்துப் பாடிக் கெடுத்துட்டாங்க" என்றார். யார்கிட்ட வந்து சொல்றீங்க ஐயா? இந்தக் கெலமங்கலத்துல வீட்டில தெலுங்கு, கடையில தமிழ், சந்தையில கன்னடம். ஒருத்தர் பாட்டை ஒருத்தர் பாடலேன்னா இங்கே கல்யாணமே நடக்காது! (சிரிப்பு)

ஒரே ஒரு பாட்டை எடுத்துக்குவோம். 'சோஜுகாத சூஜுமல்லிகே'. கன்னடம்னு ஒதுக்கிடாதீங்க. 'சோஜிக' என்றால் வியப்பு. 'சூஜி' என்றால் ஊசி. நம்ம ஊசிமல்லிதான்! அந்தப் பூவை வைத்து மலை மாதேஸ்வரனைப் பாடுகிற பாட்டு. அவர் புலி மேல் வருகிற சாமி. மலை இருப்பது சாமராஜநகர் மாவட்டத்தில், நம்ம அஞ்செட்டிக் காட்டைத் தாண்டி, காவிரிக்கு அந்தப் பக்கம். அங்கே தேவரகுட்டர்கள் 'கம்சாளே' என்கிற வெண்கலத் தாளத்தைத் தட்டி ராத்திரி முழுக்கப் பாடுவார்கள். ஏடு கிடையாது, வாய்தான் ஏடு.

அந்தப் பாட்டை அனன்யா பட் ஈஷா சிவராத்திரி மேடையில் பாடினார். கன்னடம் தெரியாதவனும் கேட்டான். 2021-இல் 'கருட கமன விருஷப வாகன' என்ற படத்தில் மிதுன் முகுந்தன் இசையில் சைத்ரா ஆச்சார் பாடினார். அது ரவுடிக் கதை! சாமி பாட்டு அங்கே போய் உட்கார்ந்தது. அப்புறம் கல்லூரி விழா, செல்போன் என்று எல்லா இடத்திலும் அதே பாட்டு. உண்மையைச் சொல்றேன், நான் முதல்ல கேட்டதே மலையில இல்லை, மகளோட போன்ல. முனைவர் பட்டம் வாங்கினவன் நிலைமை! (சிரிப்பு)

எதிரணி சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியிட்ட ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு உரிமை. தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்தவருக்கு? 'மரபுப் பாடல்' என்று ரெண்டு வார்த்தை. அது எனக்கும் உறுத்துது.

ஆனால் போன மாசம் இங்கே பக்கத்துல ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். சிவராத்திரிக்கு மலைக்கு நடந்தே போய் வந்த ஒரு அவ்வா. பாடச் சொன்னேன், பாடினாங்க. ஓசூர்ல கம்பெனி வேலை பார்க்கிற பேரன் குறுக்கே வந்து, "அவ்வா, தப்பா பாடுறே, படத்துல இப்படி இல்லை"ன்னான். (சிரிப்பு)

அவ்வா சொன்னாங்க: "நீ போன்ல இறக்கினது அது. நான் மலை ஏறிக் கத்துக்கிட்டது இது." (பலத்த கைதட்டல்)

பையன் வாயடைச்சுப் போனான். அப்புறம் அதே போனை எடுத்து அவ்வா முன்னாடி வெச்சு, "இன்னொரு தடவை பாடு"ன்னான். முக்கால் மணி நேரம் பாடினாங்க. அதுல பாதி நான் எந்தப் பதிவுலயும் கேட்காதது.

எதிரணி நண்பரே, இருபத்தஞ்சு வருஷமா அவன் அந்த வீட்டுலதான் இருக்கான். படம் பார்க்காம இருந்திருந்தா அந்தப் போனை எடுத்திருப்பானா?